தும்பியின் விலை

விலையைக் குறைக்கலாமா என்று யாராவது கேட்டாலே தனேஸ்வரிக்கு மூக்கு சிவந்துவிடும். அன்றைக்குக் காலையில் சுகுமாறன் கேட்கக்கூட இல்லை, தொலைபேசியில் உத்தரவே போட்டுவிட்டார்.

“இருநூறு வெள்ளிக்கு எறக்குங்கம்மா. இல்லன்னா மாசக் கடைசியில அத்தனை பெட்டியையும் லோரியில ஏத்தி உங்க வாசல்லயே எறக்கிடுறேன். என் ரேக்குல எடம் இல்ல.”

சுகுமாறன் கோலா சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று மூன்று ஊர்களில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் இல்லை. ஒரு சரக்கு மூன்று மாதமாகக் கடையில் தூசி வாங்கிக்கொண்டு நின்றால் எந்த வியாபாரியும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் அந்தச் சரக்கு தனேஸ்வரி நான்கு வருடம் இராப் பகலாகச் செய்த சரக்கு. பெற்றவளிடம் போய் பிள்ளைக்கு விலை பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு.

அதன் பெயர் தும்பி. ஒரு கேம் கன்சோல். பிஸ்கட் டின் மூடி அளவில் ஒரு பெட்டி, இரண்டு கைப்பிடிகள், டீவியில் செருக ஒரு வயர், அவ்வளவுதான். இன்டர்நெட் வேண்டாம். மாதச் சந்தா வேண்டாம். தோட்டத்துத் திடலில் பந்து உதைப்பது, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை மண்சாலையில் கவிழாமல் ஓட்டுவது, வாய்க்காலில் படகு விடுவது என்று பன்னிரண்டு விளையாட்டுகள் உள்ளேயே இருக்கும். இரண்டாயிரம் வெள்ளி கொடுத்து வெளிநாட்டுப் பெட்டி வாங்க முடியாத வீட்டில், போனில் இரண்டு கோடு சிக்னல் வந்தாலே பெரிய விஷயம் என்று இருக்கிற செம்பனைத் தோட்டத்தில், அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட ஒன்று வேண்டும் என்று யோசித்துச் செய்தது. விலை முந்நூற்றைம்பது வெள்ளி.

ஐந்நூறு பெட்டி செய்தார்கள். விற்றது நூற்று முப்பது. அதிலும் பெரும்பாலானவை கோலாலம்பூர்க்காரர்கள், வேடிக்கையாக இருக்கிறதே என்று ஆன்லைனில் வாங்கியவை. தோட்டங்களில் விற்றது மொத்தம் பதினொன்று. யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை என்பதுதான் தனேஸ்வரிக்குத் தாளவில்லை.

புஞ்சாக் ஆலாமில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் அவர்கள் அலுவலகம். அலுவலகம் என்று பெயர்தான். ஒரு பக்கம் விற்காத பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் எவலினும் வேறு இரண்டு பெண்களும் உட்கார்ந்து சர்க்கியூட்டுக்கு ஈயம் வைப்பார்கள். இரண்டு மாதமாக ஈயம் வைக்க வேலை இல்லாததால், விற்காத பெட்டிகளையே துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“குறைச்சிடு தனே,” என்றான் பெர்னாட். பெட்டியின் வயிற்றுக்குள் இருக்கிற மின்னணு வேலை எல்லாம் அவன் பொறுப்பு. கம்பெனியில் சரிபாதி பங்காளி. “தோட்டத்துல முந்நூத்தம்பது வெள்ளின்னா கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளம் லா. யாரு வாங்குவா?”

“ஒரு பெட்டி செய்யவே நமக்கு இருநூத்தி எழுபது ஆவுது. இருநூறுக்கு வித்தா பெட்டிக்கு எழுபது வெள்ளி நாமளே குடுத்து அனுப்புற மாதிரி. அடுத்த ஐந்நூறு எதுல செய்வ? எவலினுக்கு என்ன சொல்லப் போற?”

“சும்மா அடுக்கி வெச்சிக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தா மட்டும் அவளுக்கு என்ன சொல்லப் போற?”

தனேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து மாமாக் டீக்கடைக்குப் போய் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, நல்லவளாகத் திரும்பி வந்தாள். வந்து ஓர் ஒப்பந்தம் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தோட்டத்துக்குப் போவோம். இருநூறு என்று பலகை வைப்போம். இருபது பெட்டி விற்றால் சுகுமாறன் சொன்னபடி எல்லாக் கடையிலும் குறைத்துவிடலாம், இருப்பதை விற்று முடித்துவிட்டுக் கம்பெனியை மூடிவிடலாம். விற்காவிட்டால் விலையைப் பற்றி இனிமேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

“மூடிடலாம்” என்ற சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மூலையில் பெட்டி துடைத்துக்கொண்டிருந்த எவலினின் கை நின்றுவிட்டது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் மெராந்தி தோட்டத்தில் டேவான் என்கிற பொது மண்டபத்து வாசலில் மேசை போட்டாகிவிட்டது. கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே பதினைந்து நிமிடம், இரண்டு பக்கமும் செம்பனை. ஞாயிறு என்றால் காய்கறி வேன் வரும், மீன் வேன் வரும், தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் டேவான் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். இடம் பார்த்தது பெர்னாட். அவனே ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் வெளியே வந்துவிட்டாலும், தோட்டத்தில் எந்த நேரத்தில் எந்த இடத்தில் ஆள் கூடும் என்பது அவனுக்கு மறக்கவில்லை.

துண்டறிக்கை எழுதியது தனேஸ்வரி. அந்த வேலையை வேறு யாரும் செய்ய முடியாது. பெர்னாட்டுக்குத் தமிழ் பேச வரும், ஏச வரும், மாதா கோயில் பாட்டு அத்தனையும் மனப்பாடம், ஆனால் எழுத்து மட்டும் தெரியாது. அவன் படித்தது மலாய்ப் பள்ளி. தனேஸ்வரியோ ரவாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் மகள், கட்டுரைப் போட்டியில் கோப்பை வாங்கியவள். எல்லாருக்கும் புரியும்படி நல்ல தமிழில் எழுதி, சிவப்பிலும் மஞ்சளிலும் கொட்டை எழுத்தில் இரண்டாயிரம் அச்சடித்து, மூன்று மாதத்துக்கு முன்பே சுற்று வட்டாரத் தோட்டமெல்லாம் ஒட்டியாகிவிட்டது. இந்த டேவான் சுவரிலும் ஒன்று ஒட்டியிருந்தது. பாதி கிழிந்திருந்தது. மழையில் கிழிந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பலகையில் முந்நூற்றைம்பதை அடித்து, கீழே இருநூறு என்று பெர்னாட் எழுதினான். எழுதும்போது தனேஸ்வரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

காய்கறி வேன் வந்தது, போனது. மீன் வேன் வந்தது, போனது. பெண்கள் வந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், நடையை எட்டிப் போட்டார்கள். ஒரு சின்னப் பெண் ஓடி வந்து கைப்பிடியைத் தொட்டாள். பின்னாலேயே வந்த அவள் அம்மா, சூடான சட்டியைத் தொட்டுவிட்ட பிள்ளையை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போனாள். பத்தரை மணி வரை ஒரு பெட்டி போகவில்லை. விலை என்ன என்றுகூட ஒருவர் கேட்கவில்லை.

பெர்னாட் தலையைச் சொறிந்தான். “நூத்தம்பதுன்னு போட்டுப் பாக்கலாமா?”

“எதுக்கு நூத்தம்பது? பேசாம சும்மா குடுத்துடலாம்,” என்று தனேஸ்வரி சீறினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சண்டையில் ஜெயித்துவிட்டாள், இருபது பெட்டி விற்கப் போவதில்லை. ஆனால் இப்படி ஜெயிப்பதற்கு அவள் ஆசைப்படவில்லை. இருநூறுக்கும் வேண்டாத ஒரு பொருளையா நான்கு வருடம் செய்தேன் என்று மனசு விட்டுப்போயிற்று.

“சும்மாவும் குடுப்பீங்க,” என்று ஒரு குரல் கேட்டது. மீன் பையோடு ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தோட்டத்து நாற்று நர்சரியில் வேலை செய்கிறவர் போல, கால்சட்டைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை. “மொதல்ல சும்மா குடுக்கிறது, அப்புறம் ஆள உக்கார வெச்சு உருவுறது. எங்களுக்குத் தெரியாத கதையா? போன மாசம் முந்நூத்தம்பது, இந்த மாசம் எரநூறு. அடுத்த மாசம் வூட்டுக்கே கொண்டாந்து வெச்சிட்டுப் போவீங்க. பாத்தா படிச்ச புள்ளைங்களா இருக்கீங்க. வேற தொழில் கெடைக்கலையா?”

தனேஸ்வரிக்குச் சுருக்கென்றது. “என்னக்கா சொல்றீங்க? நாங்க என்ன திருடுறோமா?”

“திருடுறவன் தேவல. அவன் ஒரு தடவதான் வருவான்.”

அக்கம்பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பெண்கள் சிரித்தார்கள். யாரோ பின்னாலிருந்து, “வுடு சின்னத்தாயி, அவனுங்க ஆளுங்க எவனாச்சும் வந்துடப் போறான்,” என்றார்கள்.

அவனுங்க ஆளுங்களா? எவன் ஆளு? தனேஸ்வரி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அந்த அம்மாளின் எதிரில் நின்றாள். “அக்கா, எனக்கு ஒண்ணுமே புரியல. நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லிட்டுப் போங்க. உங்களக் கும்பிடுறேன்.”

சின்னத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நடிக்கிறாளா இல்லையா என்று பார்த்தார் போலும். பிறகு மீன் பையைக் கீழே வைத்துவிட்டு, டேவான் சுவரில் பாதி கிழிந்து தொங்கிய துண்டறிக்கையைக் கையால் நீவிப் பிடித்து, எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தார்.

“‘வீட்டுக்கு ஒரு மெஷின்! இனிக் குடும்பத்தோடு மெஷின் விளையாடுங்கள்! ஒரு முறை உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள்!’ கீழ போன் நம்பரு. போதுமா?”

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெர்னாட்டுக்குப் புரையேறிவிட்டது. இருமி, மூக்கில் தண்ணீர் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தனே!” என்று கத்தினான். “மெஷின் விளையாடுங்கள்னா எழுதி வெச்ச? இதையா நான் ரெண்டாயிரம் ஒட்டினேன்?”

“கன்சோல்னா யாருக்குப் புரியும்? தையல் மெஷின், துவைக்கிற மெஷின்னு எல்லாரும் சொல்றாங்களே, அதனால…”

“ஐயோ, மெஷின் விளையாடுறதுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியாதா? டவுன்ல கறுப்புக் கண்ணாடி போட்ட கடை இருக்கு பாரு, உள்ள குதிரைப் படம், பழம் படம் சுத்தும், காசு போட்டுக்கிட்டே இருப்பானுங்க. அதுதான் லா மெஷின்! அவன் மெஷின் விளையாடுறான்னா அவன் குடும்பம் நாசம்னு அர்த்தம்!”

தனேஸ்வரிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஜாக்பாட் என்ற சொல் தெரியும். சூதாட்டம் என்ற சொல்லை வைத்துக் கட்டுரையே எழுதியிருக்கிறாள், இரண்டாம் பரிசு. ஆனால் தோட்டத்திலும் டவுனிலும் அதற்குப் புழங்குகிற சொல் அவள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. எழுதத் தெரிந்தவளுக்குப் பேச்சு தெரியாது, பேச்சு தெரிந்தவனுக்குப் படிக்கத் தெரியாது. இப்படி இரண்டு பேர் சேர்ந்து, வட்டாரத்துத் தோட்டமெல்லாம் போய், குடும்பத்தோடு சூதாட வாருங்கள் என்று கொட்டை எழுத்தில் அழைப்பு ஒட்டியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு அந்தச் சிவப்பும் மஞ்சளும், கீழே போன் நம்பரும், வட்டிக்காரன் விளக்குக் கம்பத்தில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரியே இருந்தன.

பெர்னாட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெண்களும் சிரித்தார்கள். சின்னத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்க தம்பி,” என்றார். “என் வீட்டுக்காரரு லோரி ஓட்டுறவரு. இருபது வருசம் குலை ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு, ஒரு குலை வழியில விழுந்ததில்ல. அந்த மனுசனோட சேமநிதிக் காசு பூராவும் ரெண்டு வருசத்துல அந்த மெஷின் தின்னுட்டுப் போயிடிச்சி. இந்த நோட்டீஸப் பாத்துட்டு நாந்தான் கிழிச்சேன்.”

பெர்னாட்டின் சிரிப்பு நின்றது. தனேஸ்வரிக்கு அப்போது வந்த வெட்கத்தை அவள் சாகும் வரை மறக்கப்போவதில்லை. விலை அதிகமா, விலை குறைவா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். அந்த மூன்று மாதமும் இந்த அம்மாளைப் போல எத்தனை பேர் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்களோ!

“என்னை மன்னிச்சிடுங்கக்கா,” என்றாள். அழுதுவிட்டாள். “தெரியாம எழுதிட்டேன். இது அது இல்லக்கா. இது புள்ளைங்க விளையாடுறது.”

சின்னத்தாய்க்கு அவள் அழுததைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது. “சரி சரி, மூக்கத் தொடச்சுக்க. எது, காட்டு பாப்போம்.”

டேவானுக்குள் ஒரு பழைய டீவி இருந்தது. பெர்னாட் ஓடிப் போய் வயரைச் செருகினான். தனேஸ்வரி கைப்பிடியை நீட்டினாள். சின்னத்தாய் வாங்கவில்லை, முதலில் பெட்டியைத் தூக்கி மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

“காசு எங்க போடுறது?”

“போட எடமே இல்லக்கா.”

“அப்ப போன்ல கட்டணுமா?”

“கட்ட வேணாம். ஒரு தடவ வாங்கினா முடிஞ்சிது.”

“ஜெயிச்சா?”

“ஜெயிச்சா ஒண்ணும் கெடைக்காது.”

“தோத்தா?”

“தோத்தாலும் ஒண்ணும் போவாது.”

சின்னத்தாய் கைப்பிடியை வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, லோரி விளையாட்டைக் காட்டச் சொன்னார். முதல் வளைவிலேயே லோரி சாய்ந்து பாதிக் குலை சிந்திற்று. இரண்டாவது தடவை வாய்க்காலில் இறங்கிற்று. மூன்றாவது தடவை அவர் எழுந்து நின்று ஓட்டினார்.

“இந்த லோரி சரியில்ல பாப்பா. குலை ஏத்தின லோரி இவ்ளோ லேசா வளையாது. எங்க வீட்டுக்காரரு பாத்தா சிரிப்பாரு.” சொல்லிக்கொண்டே நான்காவது தடவை ஆரம்பித்தார். அதற்குள் டேவான் வாசலில் பத்துப் பதினைந்து பெண்களும் அவர்களைவிட அதிகமாகப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். காலையில் அம்மா இழுத்துக்கொண்டு போன சின்னப் பெண் முன் வரிசையில் இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு சின்னத்தாய் சொன்னது ஒன்றுதான். “அந்தப் பலகைய எடு மொதல்ல. மலிவா குடுக்கிறேன்னா பின்னாடி எவனோ காசு எடுக்கப் போறான்னுதான் நாங்க நெனப்போம். அப்படிப் பட்டுப் பட்டு வந்தவங்க நாங்க. என்ன வெலையோ அதச் சொல்லு. சம்பளம் வந்தா வாங்குறவ வாங்குவா.”

தனேஸ்வரி பெர்னாட்டைப் பார்த்தாள். பெர்னாட் போய் இருநூறை அழித்தான். அன்றைக்கு மூன்று பெட்டி விற்றது. மூன்றும் முந்நூற்றைம்பதுக்கு.

மறுநாள் சுகுமாறனுக்குப் போன் போட்டு, விலையைக் குறைக்க மாட்டேன், மாதக் கடைசி வரை எனக்கு அவகாசம் இருக்கிறது, அது வரை பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றாள். அவர் பெருமூச்சு விட்டார். “ஒங்க பிடிவாதம் ஒங்களுக்கு. லோரிக்காரன்கிட்ட மாசக் கடைசின்னு சொல்லி வெக்கிறேன்,” என்றார்.

பிறகு மூன்று வாரம் அவர்கள் உட்காரவே இல்லை. எவலினும் மற்ற இரண்டு பெண்களும் ஆளுக்கொரு திசையாகப் போய் பழைய நோட்டீஸைச் சுரண்டி எடுத்தார்கள். புதிய துண்டறிக்கையைத் தனேஸ்வரி எழுதி, பெர்னாட்டுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். இனி எந்த எழுத்தும் அவன் காதுக்குள் போகாமல் அச்சுக்குப் போகாது என்று சட்டம். “மெஷின்” என்ற சொல்லே இல்லை. டீவியில் செருகி விளையாடுகிற பெட்டி, பெயர் தும்பி, விலை முந்நூற்றைம்பது வெள்ளி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் இரண்டே வரி. ஜெயித்தால் ஒன்றும் கிடைக்காது. தோற்றால் ஒன்றும் போகாது.

“இப்படி ஒரு வெளம்பரத்த நான் ஜென்மத்துல கேட்டதில்ல,” என்றான் பெர்னாட். “ஆனா நல்லாருக்கு.”

எவலின் சொன்னாள், “எங்கம்மாவே வாங்குவாங்க.” சொன்னபடி அவள் அம்மா மவுரீன் வாங்கினார், தள்ளுபடி கேட்டு மகளிடம் திட்டு வாங்கிக்கொண்டே வாங்கினார்.

இரண்டாவது ஞாயிறு வேறொரு தோட்டத்தில் ஒன்பது. சம்பளம் போட்ட வாரம் இருபத்தாறு. தனேஸ்வரி லோரியின் எடையையும் சரிசெய்துவிட்டாள், குலை ஏற்றினால் இப்போது நிஜமாகவே திணறும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சுகுமாறன் கூப்பிட்டபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். “லோரி வேணாம்னு சொல்லிட்டேன்மா,” என்றார். “கோலா சிலாங்கூர் கடையில பெட்டி தீந்திடிச்சி. நாளைக்கு நாப்பது கொண்டாங்க. கடை முன்னால அஞ்சடி நடபாதையில மேச போட்டுக் காட்டுங்க. வெல… அது கெடக்கட்டும், தீபாவளி வரைக்கும் நான் பேசல.” ஐந்நூறும் தீர்ந்துவிடும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று சாயங்காலம் எவலின் ஈயக் கோலைச் சூடாக்கிப் பார்த்து வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் கோலா சிலாங்கூர் கடைக்கு முன்னால், அஞ்சடி நிழலில், தனேஸ்வரி மேசை போட்டு நின்றுகொண்டிருந்தாள். பெர்னாட் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், தலையை ஈரமாக வாரியிருந்தார், சட்டையைச் சலவை மடிப்பு கலையாமல் போட்டிருந்தார். மேசை மேல் ஓடிக்கொண்டிருந்த லோரி விளையாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இப்ப சரியா வளையுது,” என்றார். “நான் செல்லன். சின்னத்தாயி வீட்டுக்காரரு. ஒரு பெட்டி குடுங்கம்மா.”

தனேஸ்வரிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவருக்கு நாற்காலி போட்டாள். பானம் வாங்கிக் கொடுத்தாள். உள்ளே ஓடி, கீறல் இல்லாத பெட்டியாகத் தேடி எடுத்து வந்தாள். செல்லன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஏழு ஐம்பது வெள்ளி நோட்டு.

அதைப் பார்த்ததும் தனேஸ்வரியின் மனசு கேட்கவில்லை. இந்த வீட்டில் இந்த ஏழு நோட்டு சேருவதற்கு என்ன பாடு பட்டிருப்பார்கள்! சின்னத்தாய் அன்றைக்கு அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டாவிட்டால் இந்தக் கம்பெனியே இல்லை. மூன்று மாதம் ஒரு வெள்ளி குறைக்க மாட்டேன் என்று ஊரோடு மல்லுக்கு நின்றவள், நாலு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றைத் திருப்பி நீட்டினாள்.

“அண்ணே, அக்காவுக்கு எரநூறு போதும். எங்க கணக்குக்கு இது சரியாப் போச்சு. வெச்சுக்கங்க.”

செல்லன் அந்த மூன்று நோட்டைத் தொடவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“வேணாம்மா.”

“பரவால்லண்ணே, சந்தோசமாத்தான் தர்றேன்.”

“அதுக்கில்லம்மா.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரெண்டு வருசமா அவ என் கையில பத்து வெள்ளிக்கு மேல குடுத்ததில்ல. பெட்ரோல்கூட அவளே கூட வந்துதான் ஊத்துவா. அவ மேல தப்பு இல்ல. இன்னிக்குத்தான் இந்தக் காசக் குடுத்து, நீங்களே போயி வாங்கிட்டு வாங்கன்னு தனியா அனுப்புனா.” தெருவின் கடைசியில் விளக்குச் சந்தியைக் கண்ணால் காட்டினார். “அதத் தாண்டித்தான் நான் வீட்டுக்குப் போவணும். மூல மேலயே அந்தக் கடை இருக்கு. நூத்தம்பது வெள்ளி பையில இருந்திச்சின்னா… எனக்கு என்னையத் தெரியும்மா. பூராத்தையும் வாங்கிக்கங்க. வெலையக் கொறைக்காதீங்க.”

தனேஸ்வரி அந்த மூன்று நோட்டையும் மற்ற நாலோடு சேர்த்து வைத்தாள். முந்நூற்றைம்பது என்று கொட்டை எழுத்தில் எழுதி ரசீது கொடுத்தாள். அவர் அதை அந்தக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பின் சீட்டில் வைத்து ரப்பர் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

அவள் அஞ்சடியின் ஓரத்துக்கு வந்து நின்று பார்த்தாள். சந்திக்குப் போய்ச் சேர்வதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. சரியாக அந்தக் கறுப்புக் கண்ணாடிக் கதவுக்கு நேராக மோட்டார் நின்றது. செல்லன் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கை மட்டும் பின்னால் போய்ப் பெட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. பச்சை விழுந்ததும் மோட்டார் தோட்டத்துப் பாதையில் திரும்பிப் போய்விட்டது.

உள்ளேயிருந்து பெர்னாட் குரல் கொடுத்தான். “யாரு தனே, சின்னத்தாயி அக்கா வீட்டுக்காரரா? கொறைச்சுக் குடுத்தியா இல்லையா?”

“இல்ல,” என்றாள் தனேஸ்வரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “முழு வெலைக்குத்தான் குடுத்தேன்.”